எது எதைக் கூப்பிடுகிறது?

வட சென்னையிலிருந்து மென்பொருள் வேலைக்குப் போகும் தம்பி தங்கைகளுக்கு ஒரு திறந்த மடல்



எண்ணூரிலும் கத்திவாக்கத்திலும் மின்ரயில் ஏறியும், விம்கோ நகரில் மெட்ரோ பிடித்தும் தரமணிக்கும் சோழிங்கநல்லூருக்கும் சிறுசேரிக்கும் போய் வருகிற உங்களிடம் ஒரு காரியம் கேட்டு இதை எழுதுகிறேன். உங்களில் பலருக்குப் புதிதாக மென்பொருள் எழுதும் வேலை உடனே கிடைப்பதில்லை. யாரோ எழுதி, வேறு யாரோ திருத்தி, அவர்களில் பாதிப் பேர் வேலையை விட்டுப் போன பிறகு மிஞ்சியிருக்கும் நிரலைத்தான் உங்கள் கையில் கொடுக்கிறார்கள். சப்போர்ட் ப்ராஜெக்ட் என்பார்கள், மெயின்டனன்ஸ் என்பார்கள். சில நாள் கே.டி., அதாவது வேலை ஒப்படைப்புப் பயிற்சி, நடக்கும். திரையில் ஒரு பிபிடி ஓடும். அதில் ஆறேழு பெட்டிகள், நடுவில் அம்புக்குறிகள், ஓரத்தில் டேட்டாபேஸ் என்று ஓர் உருளை. “புரிஞ்சுதா?” என்று கேட்பார்கள். புரியவில்லை என்று சொல்ல ஃப்ரெஷருக்கு வாய் வராது. அடுத்த வாரமே முதல் டிக்கெட் உங்கள் பெயரில் விழுந்துவிடும். அந்தப் பெட்டிப் படத்தைப் பற்றித்தான் இந்த மடல். அதை நம்பி நிரலில் கை வைக்காதீர்கள். எந்த கிளாஸ் எந்த கிளாஸைச் சார்ந்திருக்கிறது, எந்த மெத்தட் எந்த மெத்தடைக் கூப்பிடுகிறது என்பதை நிரலிலிருந்தே எடுத்துக் காட்டும் படத்தைக் கேட்டு வாங்குங்கள். கொடுக்க ஆளில்லை என்றால் நீங்களே எடுங்கள்.

படம் எதற்கு, நிரலைப் படித்தால் போதாதா என்று கேட்பீர்கள். துறைமுகத்தை ஒட்டி இருக்கிறவர்கள் நாம், உதாரணத்தையும் அங்கிருந்தே எடுக்கிறேன். கன்டெய்னர் யார்டு ஒன்றுக்குப் பில் போடும் மென்பொருள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் ‘கட்டணம்’ என்றொரு கிளாஸ், அதற்குள் ‘தொகை’ என்றொரு மெத்தட். கட்டணத்தின் கீழே தரை வாடகை, ஏற்று இறக்குக் கூலி, ரீஃபர் மின்சாரம், ஆபத்தான சரக்கு என்று நான்கு கிளாஸ்கள். நான்கும் ‘தொகை’யைத் தங்கள் தங்கள் பாணியில் எழுதி வைத்திருக்கின்றன. ‘பில்’ என்ற கிளாஸ் இந்த நான்கில் ஒன்றையும் பெயர் சொல்லிக் கூப்பிடாது. கட்டணம் என்று எது வந்து நிற்கிறதோ அதனிடம் தொகை எவ்வளவு என்று மட்டும் கேட்கும். பதில் சொல்வது யார் என்பது நிரல் ஓடும்போதுதான் தெரியும். ஐந்தாவதாக ஒரு கட்டணம் வந்தாலும் பில் கிளாஸைத் தொட வேண்டாம் என்பது இந்த முறையின் பெரிய வசதி. ஆனால் எழுதியவருக்கு வசதியானது படிக்க வருகிறவருக்குத் தொல்லையாகிறது. பில் கிளாஸை மேலிருந்து கீழே எத்தனை தடவை படித்தாலும் ரீஃபர் மின்சாரம் என்ற பேச்சே அதில் வராது. ‘தொகை’ என்று போட்டுத் தேடினால் அந்தச் சொல் வரும் இடமெல்லாம் வந்து குவியும், அவற்றில் எது எதனோடு சேர்ந்தது என்பதைத் தேடல் சொல்லாது.

இப்போது ஒரு டிக்கெட் வருகிறது. வெளிநாட்டுக் கப்பல் நிறுவனம் ஒன்று, கேட்டை விட்டு கன்டெய்னர் வெளியேறிய நேரத்தை உலகப் பொது நேரத்தில் கேட்கிறது. ‘கேட் பதிவு’ கிளாஸில் ‘வெளியேறிய நேரம்’ என்ற மெத்தடில் ஒரே ஒரு வரியை மாற்றினால் முடிந்தது. மாற்றுகிறீர்கள், டெஸ்ட் பாஸ் ஆகிறது, ரிலீஸும் போகிறது. ஆனால் ரீஃபர் மின்சாரத்தின் ‘தொகை’, வெளியேறிய நேரத்திலிருந்து ப்ளக் போட்ட நேரத்தைக் கழித்துத்தான் கணக்குப் போடுகிறது. ப்ளக் போட்ட நேரம் இன்னும் இந்திய நேரத்திலேயே இருக்கிறது. அன்றிலிருந்து ரீஃபர் என்னும் குளிர்பதன கன்டெய்னர் ஒவ்வொன்றுக்கும் ஐந்தரை மணி நேர மின்சாரம் பில்லில் விழாமல் போகும். பில் குறைந்து வந்தால் வாடிக்கையாளர் புகார் செய்வாரா? ஆடிட் வரும்வரை யாருக்கும் தெரியாது.

கிளாஸ் அளவில் மட்டும் வரைந்த படம் இந்த இடத்தில் கைகொடுக்காது என்பதைக் கவனியுங்கள். பில் கட்டணத்தைச் சார்ந்தது, கட்டணம் கன்டெய்னரை, கன்டெய்னர் கேட் பதிவை என்று அது காட்டும். எல்லாம் உண்மைதான். ஆனால் பத்து வருடம் ஓடிய மென்பொருளில் சுற்றி வளைத்து எல்லாமே எல்லாவற்றையும் சார்ந்துதான் இருக்கும், அதைத் தெரிந்துகொண்டு நீங்கள் என்ன செய்வீர்கள்? மெத்தட் அளவில் இறங்கி, ‘வெளியேறிய நேர’த்தைக் கூப்பிடுகிறவை எவை என்று கேட்டால் மூன்றே பெயர் வரும்: கேட் பாஸ் அச்சடிப்பு, மாதாந்திர அறிக்கை, ரீஃபர் மின்சாரத்தின் ‘தொகை’. மூன்றாவது பெயரைப் பார்த்த உடனே உங்கள் கை நின்றிருக்கும். அம்பின் திசையும் முக்கியம். ஒரு மெத்தட் எப்படி வேலை செய்கிறது என்று தெரிய வேண்டுமானால் அதிலிருந்து வெளியே போகும் அம்புகளைப் பாருங்கள். அதை மாற்றினால் எங்கே உடையும் என்று தெரிய வேண்டுமானால் உள்ளே வரும் அம்புகளைப் பாருங்கள். கே.டி. படங்களில் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டி நான் பார்த்ததில்லை. பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவில் இரண்டு முனையிலும் கூர் வைத்த அம்பு ஒன்றைப் போட்டுவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடுகிறார்கள்.

இது கற்பனைக் கணக்கு என்று தள்ளிவிடுவீர்கள் என்பதால் உண்மையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நைட் கேப்பிட்டல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனம் 2012 ஆகஸ்ட் 1 அன்று காலை சுமார் 45 நிமிடங்களில் 44 கோடி டாலருக்கும் மேல் இழந்தது. அந்நாட்டுப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் 2013இல் வெளியிட்ட உத்தரவில் காரணம் விரிவாக இருக்கிறது. அவர்களது ஆர்டர் அனுப்பும் மென்பொருளில் பவர் பெக் என்றொரு பகுதி இருந்தது. 2003இலேயே அதைப் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டார்கள், ஆனால் நிரலை நீக்கவில்லை. எத்தனை பங்கு வாங்கி முடிந்தது என்று எண்ணி, போதும் நிறுத்து என்று சொல்லும் வேலையைச் செய்த நிரலை 2005இல் வேறோர் இடத்துக்கு நகர்த்தினார்கள். நகர்த்திய பிறகு பவர் பெக் சரியாக நிற்குமா என்று யாரும் சோதிக்கவில்லை, அதைத்தான் யாரும் பயன்படுத்துவதில்லையே! 2012இல் புதிய வசதி ஒன்றைச் சேர்த்தபோது, பழைய பவர் பெக்கை இயக்கிய அதே கொடியை (ஃப்ளாக்) புதிய வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். எட்டு சர்வர்களில் ஒன்றில் புதிய நிரல் ஏறவில்லை. அந்த ஒன்றில் கொடி ஏறியதும் ஒன்பது வருடமாகத் தூங்கிய நிரல் எழுந்து, நிறுத்தச் சொல்ல ஆளில்லாமல் ஆர்டர்களை அனுப்பிக்கொண்டே இருந்தது.

சார்புப் படம் இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்று நான் சொல்ல மாட்டேன். எட்டாவது சர்வரை மறந்தது வேறு தவறு, அதை எந்தப் படமும் தடுக்காது. ஆனால் 2005இல் எண்ணும் நிரலை நகர்த்தியவர், அதை யார் யார் நம்பியிருக்கிறார்கள் என்று உள்ளே வரும் அம்புகளைப் பார்த்திருந்தால் பவர் பெக் அங்கே கண்ணில் பட்டிருக்கும். 2012இல் கொடியை எடுத்தவர் அந்தக் கொடியைப் படிக்கும் இடங்களைப் பார்த்திருந்தாலும் பட்டிருக்கும். ‘செத்த நிரல்’ என்று எல்லோரும் நினைத்ததற்கு உயிருள்ள பாதை ஒன்று இருக்கிறது என்று எடுத்துச் சொல்லக்கூடிய சாட்சி சார்புப் படம்தான். 2021 டிசம்பரில் லாக்ஃபோர்ஜே என்ற ஜாவா லைப்ரரியின் பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தபோது உலகம் முழுக்க அலுவலகங்கள் முதலில் திணறியதும் இதே கேள்வியில்தான்: நம்மிடம் இது எங்கெங்கே இருக்கிறது? நேரடியாகச் சேர்த்தவர்களுக்குத் தெரிந்தது. வேறொரு லைப்ரரியின் வயிற்றுக்குள் உட்கார்ந்து வந்ததைக் கண்டுபிடிக்கத்தான் இரவெல்லாம் விழிக்க வேண்டியிருந்தது.

ஆய்வுகளையும் பார்த்துவிடுவோம், ஏனென்றால் இங்கே கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும். சிதம்பரும் கெமரரும் 1994இல் பொருள்நோக்கு நிரலுக்கென ஆறு அளவைகளை முன்வைத்தார்கள். ஒரு கிளாஸ் வேறு எத்தனை கிளாஸ்களோடு பிணைந்திருக்கிறது என்பது அவற்றில் ஒன்று. 1996இல் பசிலி, பிரியான்ட், மெலோ மூவரும் மேரிலாந்து பல்கலைக்கழக மாணவர்கள் எழுதிய எட்டு மென்பொருள்களில் அவற்றைச் சோதித்து, எந்த கிளாஸில் பிழை வரும் என்று முன்கூட்டிச் சொல்ல ஆறில் ஐந்து உதவுவதாகக் கண்டார்கள். பிணைப்பும் அந்த ஐந்தில் உண்டு. அத்தோடு நிறுத்திக்கொண்டால் என் வாதத்துக்கு வசதி. ஆனால் 2001இல் எல் எமாமும் மற்றவர்களும், கிளாஸின் பருமனைக் கணக்கில் சேர்த்துப் பார்த்தால் இந்த உறவு காணாமல் போகிறது என்று காட்டினார்கள். பெரிய கிளாஸ் நிறையப் பேரோடு பிணைந்திருக்கும், அதில் பிழையும் நிறைய இருக்கும், அவ்வளவுதான் என்பது அவர்கள் கட்சி. அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆகவே பிணைப்பு எண்ணை வைத்து ‘இந்த கிளாஸ் மோசம்’ என்று மதிப்பெண் போடும் டாஷ்போர்டுகளில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. நான் கேட்பது எண்ணை அல்ல, பாதையை. இதை மாற்றினால் அது உடையுமா என்ற கேள்விக்கு, பாதை இருக்கிறதா இல்லையா என்பது பதிலின் முதல் பாதி. கிளாஸ் பெரிதோ சிறிதோ, அந்தப் பாதி மாறாது.

அப்படியானால் கையால் வரைந்த படத்தின் மீது எனக்கு ஏன் இவ்வளவு கோபம்? எண்ணூர்க் கழிமுகத்தோரம் இருக்கும் நெட்டுக்குப்பத்துக்காரர்களுக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. 1996இல் மத்திய அரசு ஒப்புதல் தந்த கடற்கரை மண்டல மேலாண்மைத் திட்டத்தின் வரைபடம் எண்ணூர்க் கழிமுகத்தைக் கட்டுமானம் கூடாத நீர்ப்பரப்பாகக் குறித்திருந்தது. பின்னால் அரசுத் தரப்பிலிருந்து வந்த இன்னொரு வரைபடத்தில் அந்தக் கழிமுகமே இல்லை என்று 2017இல் மீனவர்களும் சூழல் செயற்பாட்டாளர்களும் குற்றம்சாட்டினார்கள். கொசஸ்தலை ஆறு எங்கே கடலில் கலக்கிறது என்று படகில் போகிறவருக்கு வரைபடம் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் எங்கே சாம்பல் கொட்டலாம், எங்கே மண்ணை நிரப்பிக் கட்டடம் எழுப்பலாம் என்று கையெழுத்துப் போடுகிறவர் ஆற்றில் இறங்கிப் பார்ப்பதில்லை, காகிதத்தைத்தான் பார்க்கிறார். உங்கள் அலுவலகத்திலும் ரிலீஸுக்கு ஒப்புதல் தருகிற மேனேஜர் நிரலைத் திறப்பதில்லை. அவர் பார்ப்பது பிபிடியை. ‘சின்ன மாற்றம்தான், கேட் மாட்யூல் மட்டும்’ என்று அந்தப் படத்தை வைத்து அவர் முடிவு செய்கிறார். உடைந்த பிறகு நள்ளிரவில் ஃபோன் வருவது உங்களுக்கு. படத்தைப் பார்த்து முடிவு செய்கிறவர் ஒருவர், முடிவின் விளைவைச் சுமக்கிறவர் இன்னொருவர் என்று இருக்கும் இடத்தில், அந்தப் படம் எங்கிருந்து வந்தது என்று கேட்க சுமக்கிறவருக்கு முழு உரிமை உண்டு.

எதிர்ப்புகளுக்கு வருகிறேன். முதல் எதிர்ப்பு, கருவியை ஒருமுறையாவது ஓட்டிப் பார்த்தவர்களிடமிருந்து வரும். முழு நிரலையும் கொடுத்தால் ஆயிரக்கணக்கான கோடுகள் பின்னிப் பிணைந்து திரையே கறுப்பாகிறது, அதிலிருந்து என்ன தெரியும் என்பார்கள். ஒன்றும் தெரியாதுதான். அப்படி ஒரு படத்தை அச்சடித்துச் சுவரில் ஒட்டுவது வீண். படத்தை எடுக்கும் முன் கேள்வி ஒன்று கையில் இருக்க வேண்டும்: இந்த மெத்தடை யார் கூப்பிடுகிறார், இரண்டு படி மேலே வரை காட்டு. அல்லது இந்த பேக்கேஜுக்கும் அந்த பேக்கேஜுக்கும் இடையில் மட்டும் காட்டு. முழுச் சித்திரம்தான் வேண்டும் என்றால் கோடுகளை விட்டுவிட்டு அட்டவணைக்குப் போகலாம். மேல் வரிசையிலும் பக்கவாட்டிலும் அதே கிளாஸ்களின் பெயர்கள், எது எதைச் சார்ந்ததோ அந்தக் கட்டத்தில் ஒரு குறி. டொனால்டு ஸ்டூவர்டு 1981இல் பொறியியல் வடிவமைப்புக்காகச் சொன்ன முறை இது. 2005இல் ஊப்ஸ்லா மாநாட்டில் நீரஜ் சங்கலும் கூட்டாளிகளும் இதைப் பெரிய மென்பொருள்களுக்குப் பொருத்திக் காட்டினார்கள். அடுக்கு ஒழுங்காக இருந்தால் குறிகளெல்லாம் மூலைவிட்டத்துக்கு ஒரே பக்கம் நிற்கும். மறுபக்கம் தாண்டி நிற்கிற ஒவ்வொரு குறியும் எங்கோ ஒழுங்கு மீறப்பட்டிருப்பதைக் காட்டும், பெரும்பாலும் ஒரு வட்டச் சார்பை. ‘அ’ என்பது ‘ஆ’வை நம்பி, ‘ஆ’ என்பது ‘இ’யை நம்பி, ‘இ’ திரும்ப ‘அ’வை நம்பியிருந்தால் மூன்றில் எதையும் தனியாகக் கழற்றிச் சோதிக்க முடியாது. கோட்டுப் படத்தில் கண்ணுக்குத் தப்பும் அது அட்டவணையில் பளிச்சென்று தெரியும்.

இரண்டாவது எதிர்ப்பு இன்னும் கனமானது. நிரலை ஓட்டாமல் படித்து எடுக்கும் படம் பொய் சொல்லும் என்பது. உண்மை, இரண்டு திசையிலும் சொல்லும். நம் பில் உதாரணத்தில் ‘தொகை’க்கு யார் பதில் சொல்வார் என்று கருவிக்கும் தெரியாது, ஆகவே கீழே இருக்கும் நான்கு கிளாஸையும் காட்டிவிடும். 1995இல் டீன், குரோவ், சேம்பர்ஸ் எழுதிய பகுப்பாய்வு முறை இப்படித்தான் போகிறது. அடுத்த ஆண்டு பேக்கனும் ஸ்வீனியும் இதைச் சுருக்கினார்கள்: நிரலில் எந்த இடத்திலும் உருவாக்கப்படாத கிளாஸை விட்டுவிடு. மிகையாகக் காட்டுவது எனக்குப் பெரிய குறையாகத் தோன்றவில்லை, இல்லாத பாதையைப் போய்ப் பார்த்துத் திரும்புவதில் நஷ்டம் கொஞ்ச நேரம்தான். இருக்கிற பாதையைக் காட்டாமல் விடுவதுதான் ஆபத்து. ஸ்ப்ரிங் மாதிரிச் சட்டகங்கள் கான்ஃபிக் ஃபைலைப் பார்த்து இணைக்கும் பொருள்கள், பெயரைச் சரமாகக் கொடுத்து ரிஃப்ளெக்‌ஷன் வழியே கூப்பிடும் மெத்தட்கள், ஒரே டேபிளின் ஒரே நெடுவரிசையில் ஒருவர் எழுதி இன்னொருவர் படிப்பது — இவற்றுக்கு அம்பு விழாது. ஆகவே படத்தின் ஓரத்திலேயே ‘இதில் இவை வராது’ என்று எழுதி வைக்க வேண்டும். கூடவே டெஸ்ட் ஓடும்போது உண்மையில் எது எதைக் கூப்பிட்டது என்று பதிவுசெய்து அதே படத்தின் மேல் ஏற்றிப் பார்க்க வேண்டும். குறை இருக்கிறது என்பதற்காகக் கையால் வரைந்த பிபிடிக்குத் திரும்புவது என்ன நியாயம்? அதன் குறைகளை யாரும் எழுதிக்கூட வைப்பதில்லை.

எங்கள் சீனியருக்கு எல்லாம் மனப்பாடம் என்பீர்கள். அவர் நோட்டீஸ் பீரியடில் இருந்தால்? இப்போதெல்லாம் ஏ.ஐ.யிடம் கேட்டால் சொல்லிவிடுகிறதே என்பீர்கள். கேளுங்கள். ஆனால் அது தன் பார்வைக்குள் வந்த ஃபைல்களை வைத்துச் சொல்கிறது. ‘இதை வேறு யாரும் கூப்பிடவில்லை’ என்று அது தயங்காமல் சொல்லும்போது, சரிபார்க்க உங்கள் கையில் கம்பைலர் கண்ட சார்புப் பட்டியல் இருக்க வேண்டும். அப்புறம், நேரம் இல்லை, கிளையன்ட் இதற்குக் காசு தரமாட்டார். இந்த ஒன்றுக்கு மட்டும் நான் அனுதாபப்படத் தயாரில்லை. எக்லிப்ஸிலும் இன்டெலிஜேயிலும் ஒரு மெத்தட் மீது கர்சரை வைத்து கன்ட்ரோல், ஆல்ட், ஹெச் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கூப்பிடுகிறவர் பட்டியல் வந்து நிற்கிறது. ஜாவா 8இலிருந்து ஜேடிகேயோடு ஜேடெப்ஸ் என்ற கருவி இலவசமாகவே வருகிறது. மெத்தட் வரை அது இறங்காது, கிளாஸ் சார்புகளைப் பட்டியலிட்டுத் தரும். சி++ நிரலுக்கு டாக்ஸிஜனும் கிராஃப்விஸும் போதும். கால் கிராஃப், காலர் கிராஃப் இரண்டும் அதில் தாமாக வராது, அமைப்பில் போய் ‘ஆம்’ என்று மாற்ற வேண்டும். பைத்தானுக்கு பைலின்ட்டோடு சேர்ந்தே பைரிவர்ஸ் வந்துவிடுகிறது. எல்லாம் உங்கள் மெஷினிலேயே ஓடுபவை. கிளையன்ட் நிரலை வெளித்தளம் எதிலும் ஏற்றாதீர்கள், அது வேலைக்கே உலை வைக்கும்.

ஆகவே நான் உங்களிடம் கேட்பது இது. ஏற்கெனவே வேலையில் இருக்கிறவர்கள், அடுத்து வரும் கே.டி.யில் பெட்டிப் படம் திரையில் வந்ததும், இது நிரலிலிருந்து எடுத்ததா, என்றைக்கு எடுத்தது என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அன்று மாலையே நீங்கள் எடுத்து, தேதி போட்டு, டீமுக்கு அனுப்புங்கள். டிக்கெட்டை மூடும்போது, நீங்கள் மாற்றிய மெத்தடைக் கூப்பிடுகிறவை எவை, அவற்றில் எவற்றைச் சோதித்தீர்கள் என்று குறிப்பில் சேருங்கள். ரிலீஸ் செக்லிஸ்டில் அதற்கென ஒரு வரி வேண்டும் என்று டீம் லீடிடம் நான்கைந்து பேராகச் சேர்ந்து கேளுங்கள், தனியாகக் கேட்டால் ‘அப்புறம் பார்க்கலாம்’ என்றுதான் பதில் வரும். பில்டு ஓடும்போதெல்லாம் படமும் தானாக எடுக்கப்படும்படி செய்துவிட்டால் அது பழசாகாது, பராமரிக்கத் தனி ஆளும் வேண்டாம். இன்னும் கல்லூரியில் இருக்கிறவர்களுக்கு கிளையன்ட் நிரல் கிடைக்காது என்பது தடையே இல்லை. முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் என்ற தமிழ் நிரல்மொழி இருக்கிறது, அதன் மூலநிரல் பைத்தானில் திறந்தே கிடக்கிறது. ஓப்பன்-தமிழ் லைப்ரரியும் அப்படியே. இறுதியாண்டு ப்ராஜெக்டுக்கு இன்னொரு நூலக மேலாண்மை மென்பொருளை எழுதுவதை விட்டு, இந்த இரண்டில் ஒன்றை எடுத்து பைரிவர்ஸில் ஓட்டுங்கள். எந்த கிளாஸ் எதை நம்பி நிற்கிறது, எங்கே வட்டம் விழுகிறது, எந்த கிளாஸைத் தொட்டால் எது ஆடும் என்று படத்தோடு தமிழில் பத்துப் பக்கம் எழுதுங்கள். எழுதி முடித்ததை அந்தத் திட்டங்களை நடத்துகிறவர்களுக்கு அனுப்பிவிட்டு, அடுத்த வருடம் படிக்க வருகிற தம்பி தங்கைக்கும் ஒரு நகல் கொடுங்கள்.

அன்புடன்,
நெட்டுக்குப்பத்திலிருந்து